கப்டன் மக்வே செய்த குற்றம் என்ன?

கடந்த மாத உரையில் இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி நாட்களில் மூழ்கிய 'இண்டியானாபொலிஸ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் கதையைச் சொல்லியிருந்தேன். இருபது நிமிட உரை. கப்பல் தாண்டதையும் மாலுமிகள் நாட்கணக்காகக் கடலில் மிதந்ததையும் சொல்லி முடிக்கவே நேரம் போய்விட்டது. நிகழ்ச்சி முடிந்து நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது நிலையத்துத் தொலைபேசி அடித்தது. எமது நிகழ்ச்சிகளைத் தவறாமல் கேட்கும் அக்கா ஒருவர் பேசினார். வழக்கமாகப் பாட்டுக் கேட்கத்தான் எடுப்பார்.

“தம்பி, எண்ணூறு பேருக்கு மேல செத்திருக்கினம் எண்டு சொன்னீர். கப்டன் எப்பிடித் தப்பினவர்? அதை நீர் சொல்லேல்லையே” என்றார்.

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை அன்று முழுவதும் விடவில்லை. ஏனென்றால், 1945 இல் அமெரிக்காவிலும் மக்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். கடற்படையும் அதைக் கேட்டது, நீதிமன்றம் வைத்துக் கேட்டது. அந்த வழக்கைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறேன். கடந்த உரையைக் கேட்காதவர்களுக்காக முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இண்டியானாபொலிஸ் 1932 இல் சேவைக்கு வந்த பெரிய குரூசர் வகைக் கப்பல். 1945 மார்ச் 31 அன்று ஒகினாவாவுக்கு அருகில் யப்பானியத் தற்கொலை விமானம் ஒன்று அதைத் தாக்கியது. கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்து திருத்தினார்கள். திருத்தி முடிந்ததும் அதற்கு ஒரு இரகசிய வேலை கிடைத்தது. ஹிரோஷிமாவில் பின்னர் போடப்பட்ட அணுகுண்டின் பாகங்களையும் யுரேனியத்தையும் ஏற்றிக்கொண்டு ஜூலை 16 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, ஜூலை 26 அன்று பசிபிக்கிலுள்ள தினியான் தீவில் இறக்கியது. என்ன சாமான் என்று கப்டனுக்கே சொல்லப்படவில்லை. அங்கிருந்து குவாம் தீவுக்குப் போய், ஜூலை 28 அன்று பிலிப்பைன்சின் லெய்ட்டே வளைகுடாவை நோக்கிப் புறப்பட்டது. மூன்று நாள் ஓட்டம். ஜூலை 31 காலை அங்கே போய்ச் சேரவேண்டும்.

ஜூலை 30, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்கள். மோச்சிட்சுரா ஹஷிமோட்டோ என்பவர் தலைமையிலான ஐ-58 என்ற யப்பானிய நீர்மூழ்கி ஆறு டோர்பிடோக்களை விட்டது. இரண்டு பட்டன. பன்னிரண்டு நிமிடத்தில் கப்பல் இல்லை. கப்பலில் இருந்தவர்கள் 1,195 பேர். ஏறக்குறைய முன்னூறு பேர் கப்பலோடு போனார்கள். மற்றவர்கள் எண்ணெய் படர்ந்த கடலில் கிடந்தார்கள். வெயில், தாகம், உப்புநீரைக் குடித்து வந்த புத்தி மயக்கம், சுறா. ஆகஸ்ட் 2 அன்று வழக்கமான ரோந்தில் போன ஒரு விமானத்தின் ஓட்டுநர் தற்செயலாகக் கீழே பார்த்து எண்ணெய்ப் படலத்தைக் கண்டார். பிறகு தலைகளைக் கண்டார். உயிரோடு மீண்டவர்கள் 316 பேர். இறந்தவர்கள் 879 பேர்.

'ஜோஸ்' என்ற சுறாப் படத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் தெரிந்திருக்கும். அதில் ஒரு கிழவர் இந்தக் கதையை இரவில் சொல்வார். நல்ல காட்சிதான், ஆனால் அவர் சொல்லும் மாதம் பிழை. இறந்தவர்களையெல்லாம் சுறாக் கணக்கில் போடுவதும் சரியல்ல. பெரும்பாலானோர் காயத்தாலும் தாகத்தாலும் களைப்பாலும்தான் இறந்தார்கள். அந்தக் கிழவர் கப்டனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை, அக்கா சொன்னது போல.

கப்டனின் பெயர் சார்ல்ஸ் பட்லர் மக்வே. தகப்பனும் கடற்படை அட்மிரல். அன்றிரவு பதினொரு மணி வரை மேற்தளத்தில் நின்றுவிட்டு, அருகிலிருந்த சிறிய அறைக்குப் படுக்கப் போனார். வெடிச் சத்தத்தில் எழுந்து ஓடிவந்தார். மின்சாரம் போய்விட்டது. ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. இயந்திர அறைக்கு "நிறுத்து" என்று சொல்லவும் வழியில்லை. அதனால் முன்பக்கம் உடைந்த கப்பல் முன்னோக்கி ஓடி ஓடித் தானாகவே கடலை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது. கப்பலைக் கைவிடும் கட்டளையை அவர் வாய்மொழியாகத்தான் கொடுத்தார். கேட்டவர்கள் குதித்தார்கள். சிறிது நேரத்தில் கப்பல் சரிந்தபோது ஓர் அலை அவரைக் கடலுக்குள் அடித்துக்கொண்டு போனது. இருட்டில் ஒரு மிதவை கையில் பட்டது. காலையில் அவரோடு ஒருசிலர் மட்டுமே இருந்தார்கள். மற்ற எல்லோரும் போய்விட்டார்கள், நாங்கள்தான் மிச்சம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 3 அன்று றிங்னஸ் என்ற கப்பல் அவர்களை ஏற்றியது.

அக்காவின் கேள்விக்கு நேரான பதில் இவ்வளவுதான். அவர் முதலில் படகு இறக்கிக்கொண்டு ஓடவில்லை, அலை அடித்து மிதந்தார். அவரோடு இருந்தவர்கள் தப்பியதும் அப்படித்தான். ஆனால் கடற்படை அதோடு விடவில்லை.

செய்தி எப்போது வெளிவந்தது என்று பாருங்கள். 1945 ஆகஸ்ட் 14. யப்பான் சரணடைந்த செய்தியை அமெரிக்க ஜனாதிபதி அறிவித்த அதே நாள். ஊரெல்லாம் தெருவில் ஆடிப்பாடிக்கொண்டிருக்கையில் எண்ணூற்றுச் சொச்சம் வீடுகளில் தந்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். யுத்தம் முடிந்துவிட்டது, பிள்ளை வரப்போகிறான் என்று இருந்த வீடுகள். அவர்களுக்கு ஒரு பதில் கொடுக்கவேண்டிய நிலையில் கடற்படை இருந்தது. நான்கு நாட்களாக ஒரு பெரிய போர்க்கப்பலைக் காணவில்லை, யாரும் தேடவில்லை என்ற செய்தி கடற்படைக்கு வெட்கக்கேடு.

யாரும் ஏன் தேடவில்லை? இதற்கு விடை ஒரு அலுவலக விடயம். போர்க்கப்பல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததைத் தனியாக அறிவிக்கத் தேவையில்லை என்று ஒரு பணிப்புரை இருந்தது. வானொலித் தொடர்பைக் குறைப்பதற்காகப் போட்ட பணிப்புரை. வந்ததைச் சொல்லத் தேவையில்லை என்றால் வராததையும் சொல்லத் தேவையில்லை என்று கீழே உள்ளவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜூலை 31 வந்ததும் கப்பல்களின் நடமாட்டத்தைக் குறிக்கும் பலகைகளில் இண்டியானாபொலிஸ் வந்து சேர்ந்துவிட்டதாகக் கணக்கில் எடுக்கப்பட்டது. பலகையில் கப்பல் துறைமுகத்தில் நின்றது. ஆட்கள் கடலில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அதுமட்டுமல்ல. ஹஷிமோட்டோ தான் ஒரு பெரிய கப்பலை மூழ்கடித்ததாகத் தன் மேலிடத்துக்கு அனுப்பிய செய்தியை அமெரிக்கர்கள் இடைமறித்து வாசித்திருந்தார்கள். யாரும் அதை இந்தக் கப்பலோடு பொருத்திப் பார்க்கவில்லை. புறப்படுவதற்கு முன்பு நடந்ததும் இருக்கிறது. கப்டன் துணைக்கு ஒரு நாசகாரிக் கப்பல் கேட்டார். தேவையில்லை என்றார்கள். இந்த வகைக் குரூசரில் நீருக்கடியில் ஒலியால் தேடும் கருவி கிடையாது. நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க நாசகாரியைத்தான் நம்பவேண்டும். நான்கு நாட்களுக்கு முன்பு, ஜூலை 24 அன்று, 'அண்டர்ஹில்' என்ற அமெரிக்கக் கப்பல் யப்பானிய நீர்மூழ்கித் தாக்குதலில் இழக்கப்பட்டிருந்தது. அதை அவருக்குச் சொல்லவில்லை. ஐ-58 உட்பட நான்கு நீர்மூழ்கிகள் அந்தப் பக்கத்தில் திரிகின்றன என்று இரகசியச் செய்திகளை உடைத்து வாசிப்போருக்குத் தெரிந்திருந்தது. அதையும் சொல்லவில்லை. இரகசியம் வெளிவந்துவிடும் என்ற பயம். அந்த இரகசியம் யுத்தம் முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் காக்கப்பட்டது. ஆகவே வழக்கு நடந்தபோது கப்டனின் சட்டத்தரணியால் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க முடியவில்லை.

வழக்கு 1945 டிசெம்பர் 3 அன்று வாஷிங்டனில் தொடங்கியது. பசிபிக் கடற்படைத் தளபதி அட்மிரல் நிமிட்ஸ் இந்த வழக்கே வேண்டாம், ஒரு கண்டனக் கடிதம் போதும் என்று சொல்லியிருந்தார். கப்பலைத் தன் தலைமைக் கப்பலாக வைத்திருந்த அட்மிரல் ஸ்புரூவன்சும் விரும்பவில்லை. கடற்படையின் தலைமைத் தளபதி அட்மிரல் கிங் வழக்கு நடக்கத்தான் வேண்டும் என்றார். நடந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். பிரித்தானியக் கடற்படையில் கப்பலை இழந்த கப்டனை நீதிமன்றத்தில் நிறுத்துவது நெடுங்கால வழமை. எல்லோரையும் நிறுத்துவார்கள், விசாரிப்பார்கள், பிழையில்லை என்றால் வாளைத் திருப்பிக் கொடுத்து அனுப்புவார்கள். எல்லோருக்கும் ஒன்று என்பதால் அதில் தனி அவமானம் இல்லை. அமெரிக்கக் கடற்படையில் அந்த வழமை இல்லை. அந்த யுத்தத்தில் அது முன்னூறுக்கும் மேற்பட்ட கப்பல்களை இழந்தது. எதிரியின் தாக்குதலில் கப்பலை இழந்ததற்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஒரே கப்டன் மக்வே.

குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று, கப்பலைக் கைவிடும் கட்டளையை உரிய நேரத்தில் கொடுக்கவில்லை. மற்றது, கப்பலை வளைந்து வளைந்து ஓட்டாமல் ஆபத்துக்கு உள்ளாக்கினார். முதலாவதில் அவரை விடுவித்தார்கள். பன்னிரண்டு நிமிடம், மின்சாரம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. யாரால் என்ன செய்யமுடியும் என்பது நீதிபதிகளுக்கே விளங்கியது. எல்லாம் இரண்டாவது குற்றச்சாட்டில்தான் தங்கியிருந்தது.

வளைந்து ஓடுதல், 'சிக்-சாக்' என்பார்களே, அது என்னவென்று விளங்கினால்தான் வழக்கு விளங்கும். அந்தக் காலத்து டோர்பிடோ பெரும்பாலும் நேராக ஓடும். அது போய்ச் சேருவதற்குள் கப்பல் நகர்ந்துவிடும். ஆகவே நீர்மூழ்கிக் கப்டன், கப்பல் இப்போது நிற்கும் இடத்துக்கு விடுவதில்லை; இன்னும் ஒன்றிரண்டு நிமிடத்தில் எங்கே நிற்குமோ அங்கே விடுகிறார். அதற்கு அவருக்குக் கப்பலின் திசை, வேகம், தூரம் மூன்றும் தெரியவேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கப்பல் திசை மாறினால் அந்தக் கணக்குப் பிழைக்கும். தூரத்திலிருந்து விடும் டோர்பிடோவுக்கு இது நல்ல தடுப்பு. ஆனால் நீர்மூழ்கி கிட்ட வந்துவிட்டால், அதுவும் ஆறு டோர்பிடோக்களை விசிறி போல விரித்து விட்டால், ஒன்று தப்பினாலும் மற்றது படும். ஹஷிமோட்டோ விட்டது சுமார் ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் தூரத்திலிருந்து.

மக்வேக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையில் "உமது விருப்பப்படி" வளைந்து ஓடலாம் என்றுதான் இருந்தது. கடற்படையின் பொது விதி, பார்வை நன்றாக இருக்கும்போது வளைந்து ஓடவேண்டும் என்றது. பகலில் அவர் வளைந்துதான் ஓட்டினார். இரவு எட்டு மணியளவில் மேகம் மூடி இருட்டாக இருந்ததால் நிறுத்தச் சொன்னார். காலநிலை மாறினால் தன்னை எழுப்பும்படி நிலையான உத்தரவு இருந்தது. பதினொரு மணிக்குப் பிறகு மேகத்துக்கிடையில் சந்திரன் வந்தது. அந்த நேரம் பார்த்து நீர்மூழ்கி மேலே வந்தது. நிலவு வெளிச்சத்தில் அடிவானத்தில் ஒரு கரும்புள்ளியைக் கண்டார்கள்.

ஆகவே கேள்வி இதுதான்: அந்த நேரத்தில் கப்பலின் மேற்தளத்தில் நின்றவர்களுக்கு வெளிச்சம் எப்படி இருந்தது? தப்பியவர்கள் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். சிலர் பக்கத்தில் நின்றவரின் முகமே தெரியவில்லை என்றார்கள். அந்த இரவுக் காவலுக்குப் பொறுப்பாக நின்ற அதிகாரிகள், கப்டனை எழுப்பியிருக்கவேண்டியவர்கள், யாரும் மீளவில்லை. சரியான பதில் அவர்களோடு கடலுக்குள் போய்விட்டது.

அரச தரப்புச் சாட்சியாக யாரைக் கூட்டிவந்தார்கள் தெரியுமா? ஹஷிமோட்டோவை. யப்பானிலிருந்து விமானத்தில் ஏற்றி வாஷிங்டனுக்கு. நேற்றுவரை எதிரியாக இருந்தவனைக் கொண்டுவந்து எங்கள் கப்டனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைப்பதா என்று அமெரிக்கப் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் கொதித்தார்கள். ஆனால் அவர் சொன்ன சாட்சி அரச தரப்புக்கு உதவவில்லை. கப்பல் வளைந்து ஓடியிருந்தாலும் டோர்பிடோ விடும் முறையில் மாற்றம் இருந்திராது, நீர்மூழ்கியைக் கொஞ்சம் வேறுவிதமாக நகர்த்தியிருப்பேன், அவ்வளவுதான் என்றார். அனுபவமுள்ள அமெரிக்க நீர்மூழ்கிக் கப்டன் ஒருவரும் ஏறக்குறைய அதையே சொன்னார். குறுக்கு விசாரணையில் மட்டும், வளைந்து ஓடும் கப்பல் எமக்குக் குழப்பம் தருவது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்.

டிசெம்பர் 19 அன்று தீர்ப்பு. இரண்டாவது குற்றச்சாட்டில் குற்றவாளி. தண்டனை, பதவிமூப்புப் பட்டியலில் நூறு இடம் கீழே இறக்குவது. அதே நீதிபதிகள் கருணை காட்டும்படி பரிந்துரையும் எழுதினார்கள். 1946 இல் கடற்படைச் செயலாளர் தண்டனையை நீக்கினார். ஆனால் குற்றவாளி என்ற சொல் அப்படியே இருந்தது. கரையில் பிழைவிட்ட நான்கு அதிகாரிகளுக்குக் கண்டனக் கடிதங்கள் கொடுத்தார்கள். பின்னர் அவற்றை மீளப்பெற்றுக்கொண்டார்கள். கடைசியில் தாளில் மிஞ்சிய பெயர் ஒன்றுதான்.

கடற்படையின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்லவேண்டும். 1996 இல் கடற்படையின் சட்டப் பிரிவு இந்த வழக்கைத் திரும்பப் பார்த்து, வழக்கு முறையாகவே நடந்தது என்று முடிவு சொன்னது. அவர்களின் வாதம் இப்படி: கப்பல் மூழ்கியதற்குக் கப்டன் காரணம் என்று யாரும் குற்றம் சுமத்தவில்லை. வளைந்து ஓட்டாமல் கப்பலை ஆபத்தில் விட்டார் என்பதே குற்றச்சாட்டு. டோர்பிடோ பட்டிருந்தாலும் படாவிட்டாலும் அது பிழை பிழைதான். கப்பலில் நடக்கும் எல்லாவற்றுக்கும் கப்டன்தான் பொறுப்பு என்ற விதியில் கை வைத்தால் கடற்படை நடக்காது.

இந்த வாதத்தை முதலில் வாசித்தபோது இதில் ஏதோ உண்மை இருக்கிறது என்று எனக்குப் பட்டது. மக்வேயும் ஒருபோதும் நான் வளைந்து ஓட்டினேன் என்று சொல்லவில்லை. கப்பலுக்கு நான்தான் பொறுப்பு என்றே சொன்னார். ஆனால் இந்த நுணுக்கம் ஒரு தாய்க்கு விளங்குமா? "கப்டன் குற்றவாளி" என்று பத்திரிகையில் வந்தால், என் பிள்ளையைக் கொன்றது அவன்தான் என்றுதான் எடுத்துக்கொள்வாள். தீர்ப்பை எழுதியவர்களுக்கும் அது தெரியாமல் இருந்திராது.

என்னிடம் கேட்டால், மக்வேயிடம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி வேறொன்று. அந்தக் கப்பலுக்குள் குளிரூட்டும் வசதி இல்லை. வெப்பத்தில் ஆட்கள் உள்ளே படுக்க முடியாமல் மேலே வந்து படுத்தார்கள். காற்று வருவதற்காக, பூட்டியிருக்கவேண்டிய உள்கதவுகளும் காற்றுப்போக்கிகளும் பல திறந்து விடப்பட்டிருந்தன. தண்ணீர் ஒரு பகுதியிலிருந்து மற்றப் பகுதிக்கு ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். அது அவரின் தீர்மானம். அருகில் எந்தக் கரையும் இல்லாத கடலில், துணையில்லாத கப்பலில் அந்தத் தீர்மானம் சரியா என்று கேட்கலாம். அவர் தன் ஆட்களின் மூச்சுக்காகச் செய்தார் என்று பதிலும் சொல்லலாம். அதைக் கேட்டிருந்தால் இந்தக் கப்பலுக்கு ஏன் துணை இல்லை, வெப்பக் கடலில் ஓடும் கப்பலை ஏன் இப்படிக் கட்டினீர்கள் என்று கேள்வி மேலே போயிருக்கும். வளைந்து ஓட்டினாயா இல்லையா என்ற கேள்வி மேலே போகாது. அது கப்டனோடு நின்றுவிடும். எனக்குத் தெரிந்தவரையில் அதனால்தான் அந்தக் கேள்வியைத் தெரிவு செய்தார்கள்.

இதை எழுதும்போது எனக்கு என் பெரியப்பாவின் நினைவு வருகிறது. எங்கள் ஊரில் பாய்க்கப்பல் ஓட்டிய தலைமுறையின் கடைசி ஆட்களில் அவர் ஒருவர். தண்டையல் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் அவர் கொண்டுபோன வள்ளம் கவிழ்ந்து மூன்று பேர் போய்விட்டார்கள். பெரியப்பா பலகையொன்றைப் பிடித்து மறுநாள் கரையேறினார். யாரும் வழக்குப் போடவில்லை. யாரும் ஏசவும் இல்லை. ஆனால் அந்த மூன்று வீட்டுப் பெண்களும் அவர் ஒழுங்கையால் வந்தால் வேலிப் பக்கம் திரும்பி நிற்பார்கள். சின்னவனான நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். அவர் நடையைக் குறைக்கவும் மாட்டார், கூட்டவும் மாட்டார். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. காற்று மாறப்போவது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். “அதை ஆர் அவரிட்டைக் கேட்டது” என்றார் அம்மா. திரும்பி நின்ற பெண்கள்மீது எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. காற்றிடம் போய் முகத்தைத் திருப்ப முடியாது.

மக்வேக்குக் கடிதங்கள் வந்தன. 1949 இல் அவர் ஓய்வுபெற்ற பின்னும் வருடக்கணக்காக வந்தன. நத்தார் காலத்தில் கூடுதலாக வரும். உன்னால்தான் எங்கள் வீட்டில் ஒரு கதிரை வெறுமையாக இருக்கிறது என்ற விதமான கடிதங்கள். மனைவி லூயிஸ் அவற்றில் பலவற்றை அவர் கண்ணில் படாமல் எடுத்துவிடுவாராம். இந்த லூயிஸ் யாரென்றால், அன்றிரவு நீரில் கிடந்தவர்களைத் தேடி முதலில் வந்து சேர்ந்த கப்பலின் தலைவர் கிரஹாம் கிளேட்டரின் சொந்தக்காரி. எதிரி நீர்மூழ்கி பக்கத்தில் இருக்கலாம் என்று தெரிந்தும், நீரில் இருப்பவர்களுக்கு உதவி வந்துவிட்டது என்று தெரியட்டும் என்று தேடுவிளக்கை வானத்தை நோக்கி எரியவிட்டவர் அவர். அந்த வெளிச்சத்தைக் கண்டுதான் விடியும்வரை பிடித்துக்கொண்டு கிடந்தோம் என்று தப்பியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

1960 இல் தப்பியவர்கள் முதன்முறையாக ஒன்றுகூடினார்கள். மக்வே வரத் தயங்கினார். தன்னை எப்படிப் பார்ப்பார்களோ என்ற பயம். வந்தபோது அவர்கள் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள். கடலில் கிடந்தவர்களுக்கு அவரில் குறை இல்லை; கரையில் இருந்தவர்களுக்குத்தான். அவருக்காக வழக்காடுவோம் என்று அவர்கள் சொன்னதற்கு அவர் பெரிதாக உடன்படவில்லை. அடுத்த வருடம் லூயிஸ் புற்றுநோயில் இறந்தார். 1968 நவம்பர் 6 அன்று மக்வே தன் வீட்டு வாசலில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். சிறுவயதில் அவருக்குக் கிடைத்த ஒரு பொம்மைக் கடற்படை வீரன் அவர் கையில் இருந்தது. அந்தக் கடிதங்கள் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மனிதனின் கடைசிக் காரணத்தை வெளியில் இருந்து யாரும் எழுத முடியாது.

அதன்பிறகும் தப்பியவர்கள் விடவில்லை. கடற்படைக்கு எழுதினார்கள், காங்கிரசுக்கு எழுதினார்கள், பதில் ஒன்றாகவே வந்தது. வழக்கைத் திரும்பவும் எல்லோர் கண்ணுக்கும் கொண்டுவந்தவர் புளோரிடாவில் ஒரு பள்ளிக்கூடப் பையன். ஹன்டர் ஸ்கொட் என்று பெயர். நான் முன்பு சொன்ன அதே சுறாப் படத்தைத் தகப்பனோடு பார்த்துவிட்டு, இது உண்மையா என்று கேட்டிருக்கிறான். பள்ளிச் சரித்திரப் போட்டிக்கு இதையே எடுத்துக்கொண்டு, தப்பியவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோருக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினான். பதில்கள் பெட்டி பெட்டியாக வந்தன. 1999 செப்டெம்பரில் செனட் சபைக் குழுவின் முன் முதியவர்களோடு இருந்து சாட்சி சொன்னபோது அவனுக்குப் பதினான்கு வயது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் படம் பார்த்துவிட்டு இப்படிக் கேள்வி கேட்பார்கள். படத்தைப் பார், கதையாதே என்று நானும் சொல்லியிருக்கிறேன், மறைக்கவில்லை.

அந்த விசாரணை நடந்த வருடமே செனட் சபைக்கு இன்னொரு கடிதமும் போனது. எழுதியவர் ஹஷிமோட்டோ. யுத்தத்துக்குப் பின் அவர் ஷின்டோ கோயில் ஒன்றில் குருவாக இருந்தார். 1990 இல் பேர்ள் துறைமுகத்தில் தப்பியவர்கள் சிலரைச் சந்தித்தும் இருந்தார். கப்பல் வளைந்து ஓடியிருந்தாலும் ஓடாவிட்டாலும் நான் அதை அடித்திருப்பேன், அந்தக் கப்டனை ஏன் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை என்ற கருத்தில் எழுதியிருந்தார். ஐம்பத்து நான்கு வருடங்களுக்கு முன்பு வாஷிங்டனில் சொன்ன அதே சாட்சி. 2000 ஒக்டோபர் 25 அன்று அவர் இறந்தார். ஐந்து நாள் கழித்து, ஒக்டோபர் 30 அன்று, கப்பலின் இழப்புக்கு மக்வே குற்றமற்றவர் என்று பதியப்படவேண்டும் என்ற காங்கிரசின் தீர்மானத்தில் ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்திட்டார்.

2001 ஜூலையில் கடற்படைச் செயலாளர் அந்தத் தீர்மானத்தை மக்வேயின் சேவைக் கோவையில் சேர்க்கும்படி உத்தரவிட்டார். ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1945 தீர்ப்பு சட்டப்படி இரத்துச் செய்யப்படவில்லை. கிழித்தெறியவும் இல்லை. குற்றவாளி என்ற தாளும் குற்றமற்றவர் என்ற தாளும் ஒரே கோவைக்குள் இருக்கின்றன. கப்பலின் உடல் 2017 ஓகஸ்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது, சுமார் ஐயாயிரத்து ஐந்நூறு மீற்றர் ஆழத்தில்.

அக்காவுக்கு நான் திரும்பத் தொலைபேசி எடுத்து இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தப் பெட்டைக்கு, லூயிசுக்கு, பிள்ளையள் இருந்ததுகளோ?” என்று கேட்டார். மக்வேயின் முதல் தாரத்தில் இரண்டு ஆண்பிள்ளைகள் இருந்தார்கள், தகப்பனின் பெயரை மீட்க அவர்களும் பாடுபட்டார்கள் என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறுக்கு ஒரு பழைய பாட்டுக் கேட்டார்.